முப்பது ஆண்டுக் கடனில் எழுந்த ஊர்கள்: அமெரிக்கப் புறநகர் என்றால் என்ன?

அமெரிக்கா என்றதும் நம்மில் பலருக்கு ஒரு தெரு நினைவுக்கு வரும். ஒரே சாயலில் வரிசையாகத் தனி வீடுகள், மதில் இல்லாத முன்வாசல், மட்டமாக வெட்டிய புல்தரை, வீட்டுக்கு ஒரு கார், கூடத்தில் டிவி. அந்த நாட்டில் என்றைக்கும் அப்படித்தான் வாழ்ந்தார்கள் என்று தோன்றும். உண்மையில், 1940 கணக்கெடுப்பின்படி சொந்த வீட்டில் குடியிருந்த அமெரிக்கக் குடும்பங்கள் 43.6 சதவீதம் மட்டுமே. பாதிக்கும் மேற்பட்டோர் வாடகைக் குடித்தனம். இருபதே ஆண்டுகளில், 1960-ல், அந்த எண் 61.9 சதவீதமாகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டால், டிவி, ஷாப்பிங் மால், நெடுஞ்சாலை, உறைய வைத்த தட்டுச் சாப்பாடு எல்லாம் ஏன் ஏறக்குறைய ஒரே சமயத்தில் அமெரிக்க வாழ்க்கைக்குள் நுழைந்தன என்பது புரிந்துவிடும்.

முதலில் ஒரு தெளிவு. புறநகர் என்றால் ரயில் நிலையத்தைச் சுற்றி வளர்ந்த, கீழே கடையும் மேலே வீடுமாகக் கலந்து கிடக்கும் பகுதிதான் நமக்குத் தெரியும். அமெரிக்கர்கள் 'சபர்ப்' என்று சொல்வது வேறு. அங்கே குடியிருப்பு மட்டும்தான் இருக்கும். வேலை ஓரிடம், கடை இன்னோரிடம், வீடு மற்றோரிடம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி மனையில் தனி வீடு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகக் கார் வேண்டும். அந்த வீடு பெரும்பாலும் நீண்ட காலக் கடனில் வாங்கியதாக இருக்கும். கடைசியாகச் சொன்ன கடன்தான் எல்லாவற்றுக்கும் வேர் என்பது என் எண்ணம். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கடன் எப்படி மாறியது

1920-களில் அமெரிக்காவில் வீட்டுக் கடன் வாங்குவது சாமானியர்களால் ஆகிற காரியமாக இல்லை. வீட்டு விலையில் பாதியை முன்பணமாகக் கையில் வைத்திருக்க வேண்டும். கடனுக்கு ஐந்து முதல் பத்து ஆண்டுதான் தவணை. பல கடன்களில் அதுவரை வட்டி மட்டும் கட்டிவந்து, கெடு முடியும் நாளில் அசலை மொத்தமாகத் திருப்ப வேண்டும். முடியாதவர்கள் புதுக் கடன் வாங்கிப் பழைய கடனை அடைப்பார்கள். 1929-க்குப் பின் வந்த பொருளாதாரப் பெருமந்தத்தில் புதுக் கடன் தர வங்கிகளிடம் பணமில்லை. அசலைக் கட்ட முடியாமல் லட்சக்கணக்கானோர் வீட்டை இழந்தார்கள்.

இதைச் சரிசெய்ய 1934-ல் ரூஸ்வெல்ட் அரசு கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் என்ற அமைப்பைத் தொடங்கியது. சுருக்கமாக எஃப்.எச்.ஏ. இந்த அமைப்பு வீடு கட்டித் தரவில்லை, கடனும் கொடுக்கவில்லை. வங்கியைப் பார்த்து, "நீ கடன் கொடு, வாங்கியவர் கட்டத் தவறினால் நான் பொறுப்பு" என்று சொன்னது. அவ்வளவுதான். அந்த ஒரு உறுதிமொழி வங்கியின் பயத்தைப் போக்கியது. முன்பணம் குறைந்தது, தவணைக் காலம் இருபது, இருபத்தைந்து, பிறகு முப்பது ஆண்டு என்று நீண்டது. அசலும் வட்டியும் சேர்ந்து மாதாமாதம் ஒரே தொகையாகக் கட்டும் முறை பரவியது. இன்று நாம் இ.எம்.ஐ. என்று சொல்லும் அதே முறைதான்.

அடுத்த படி 1944 ஜூன் 22 அன்று ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட முன்னாள் படைவீரர் சட்டம். 'ஜி.ஐ. பில்' என்று பரவலாக அறியப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் சீருடை அணிந்த அமெரிக்கர்கள் ஏறத்தாழ 1.6 கோடிப் பேர். அவர்கள் திரும்பி வரும்போது வேலையில்லாமல் தெருவில் நிற்கக் கூடாது என்பது சட்டத்தின் நோக்கம். கல்லூரிப் படிப்புக்குப் பணம், வேலை தேடும் காலத்தில் உதவித்தொகை ஆகியவற்றோடு வீட்டுக் கடனுக்கு உத்தரவாதமும் அதில் இருந்தது. முன்னாள் வீரர் முன்பணமே இல்லாமல் வீடு வாங்க முடிந்தது.

எண்ணில் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். 8,000 டாலர் வீடு என்று வைத்துக்கொள்வோம். பழைய முறையில் முதல் நாளே 4,000 டாலர் எடுத்து வைக்க வேண்டும். ஐந்தாம் ஆண்டு முடிவில் இன்னொரு 4,000. புதிய முறையில் முழு 8,000 டாலரையும் 4 சதவீத வட்டியில் முப்பது ஆண்டுக் கடனாக எடுத்தால், மாதம் ஏறக்குறைய 38 டாலர். 1950-ல் ஒரு சராசரி அமெரிக்கக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் சுமார் 3,300 டாலர். முதல் வழியில் அந்தக் குடும்பம் வீட்டைக் கனவில்தான் பார்க்கலாம். இரண்டாம் வழியில் பல ஊர்களில் வாடகையை விடத் தவணை குறைவு.

உருளைக்கிழங்கு வயலில் ஓர் ஊர்

கடன் தயார், வாங்க ஆள் தயார். ஆனால் வீடு இல்லை. மந்தமும் போரும் சேர்ந்து பதினைந்து ஆண்டுகளாகக் கட்டுமானத்தை முடக்கியிருந்தன. 1944-ல் நாடு முழுவதிலும் தொடங்கப்பட்ட தனி வீடுகள் 1,14,000 மட்டுமே. போர் முடிந்ததும் திருமணங்களும் பிரசவங்களும் பெருகின. 1946-ல் மட்டும் 34 லட்சம் குழந்தைகள். பிறப்பு விகிதம் உயர்ந்தே இருந்த 1946 முதல் 1964 வரையான காலத்துக்குத்தான் 'பேபி பூம்' என்று பெயர். புதுமணத் தம்பதிகள் பெற்றோர் வீட்டின் ஓர் அறையிலும், ராணுவம் விட்டுச்சென்ற அரைவட்டத் தகரக் கொட்டகைகளிலும் காலம் தள்ளினார்கள். சிகாகோவில் ஓடி ஓய்ந்த டிராம் பெட்டிகள் வீடாகப் பயன்படுத்த விற்கப்பட்டன.

இந்த இடத்தில்தான் லெவிட் குடும்பம் வருகிறது. தந்தை ஆபிரகாம், மகன்கள் வில்லியமும் ஆல்ஃபிரட்டும். நியூயார்க்கின் மன்ஹாட்டனிலிருந்து கிழக்கே சுமார் 25 மைல் தள்ளி, லாங் ஐலண்டில் உருளைக்கிழங்கு வயல்கள் இருந்தன. கிழங்கின் வேரைத் தின்னும் நூற்புழு பரவி விவசாயிகள் நொந்துபோயிருந்த நேரம். வில்லியம் லெவிட் அந்த நிலங்களை வாங்கினார். வாடகைக்கு 2,000 வீடுகள் என்று 1947-ல் அறிவித்தார். அந்த ஆண்டு அக்டோபர் 1-ம் தேதி முதல் குடும்பங்கள் குடியேறின. 1951-ல் வேலை முடிந்தபோது வீடுகளின் எண்ணிக்கை 17,447. ஊருக்குப் பெயர் லெவிட்டவுன்.

இத்தனை வேகம் எப்படி வந்தது? கார் தொழிற்சாலையில் தொழிலாளி ஓரிடத்தில் நிற்பார், கார் அவர் முன்னால் நகர்ந்து வரும். வீடு நகராது, அதனால் லெவிட் தொழிலாளிகளை நகர்த்தினார். ஒரு வீடு கட்டுவதை 27 வேலைகளாகப் பிரித்தார். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குழு. அந்தக் குழு தன் வேலையை மட்டும் முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகும், பின்னாலேயே அடுத்த குழு வரும். வாஷிங் மெஷினைத் தரையில் முடுக்குவது மட்டுமே வேலையாக இருந்தவர்களும் உண்டு. லாரிகள் 60 அடிக்கு ஒரு குவியலாக, ஒரு வீட்டுக்குத் தேவையான மரம், குழாய், செங்கல், கூரை ஓடு எல்லாவற்றையும் அளவாக இறக்கிவிட்டுப் போகும். மரத்துக்குக் கலிபோர்னியாவில் சொந்த அறுவை ஆலை. ஆணியும் சொந்தத் தயாரிப்பு. நாளுக்கு இவ்வளவு என்றில்லாமல், முடித்த வேலைக்கு இவ்வளவு என்று கூலி. தொழிற்சங்கத்துக்கு இடமில்லை. உச்ச கட்டத்தில் ஒரு நாளைக்கு முப்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் முடிந்தன. போர்க்காலத்தில் வில்லியம் லெவிட் கடற்படையின் கட்டுமானப் பிரிவில் பணியாற்றியவர். அங்கே பார்த்த வேகம்தான் இது.

செலவைக் குறைத்த இன்னொரு முடிவு தரையில் இருந்தது. அப்பகுதி வீடுகளுக்கு நிலவறை தோண்டுவது கட்டாயம் என்று உள்ளூர் விதி. லெவிட் அதைத் தவிர்த்து நேரடியாகக் கான்கிரீட் தளம் போட விரும்பினார். விதியை மாற்றுவதற்கான கூட்டத்துக்கு முன்னாள் வீரர்கள் திரளாக வந்து நின்றார்கள். விதி மாறியது. தளத்துக்குள் செப்புக் குழாய்களைப் பதித்து வெந்நீர் ஓடவிட்டார்கள், குளிர்காலத்தில் தரையே வீட்டைச் சூடாக்கியது. சுவருக்குச் சாந்து பூசிக் காயவைக்கும் வேலையை ஜிப்சம் பலகை ஒழித்தது.

முதலில் வந்த மாதிரி 750 சதுர அடி. இரண்டு படுக்கையறை, ஒரு குளியலறை, மேலே முடிக்கப்படாத பரண். மனை 60-க்கு 100 அடி, நம் கணக்கில் இரண்டரை கிரவுண்டு. வீட்டைச் சிறிதாக வைத்து மனையைப் பெரிதாகக் கொடுத்ததால், பிறகு கையில் காசு வரும்போது நீட்டிக் கட்டிக்கொள்ளலாம். பெரும்பாலானோர் அப்படித்தான் செய்தார்கள். 1949-ல் விற்பனைக்கு வந்த அடுத்த மாதிரி 7,990 டாலர், மாதத் தவணை 58 டாலர். இதில் வரியும் சேரும்.

1950 மாதிரியில் ஒரு விசேஷம். மாடிப்படியின் பக்கச் சுவருக்குள் டிவி பதிக்கப்பட்டிருந்தது. கட்டடத்தோடு சேர்ந்த பொருள் என்பதால் அதன் விலையும் வீட்டுக் கடனுக்குள் அடங்கியது. ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் அதே மாதிரிதான். ஒரு சாதாரணத் தொழிலாளி தன் டிவிக்கான பணத்தையும் வீட்டுத் தவணையோடு சேர்த்துப் பல்லாண்டு கட்டலாம் என்ற நிலை, அதற்கு முன் எந்தச் சமூகத்திலும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

வீட்டைத் தொடர்ந்து வந்தவை

1950-ல் அமெரிக்க வீடுகளில் டிவி இருந்தவை சுமார் 9 சதவீதம். 1960-ல் 87 சதவீதம். இந்தப் பாய்ச்சலுக்குத் தொழில்நுட்பம் மட்டும் காரணமில்லை. நகரத்தில் குடியிருந்தவருக்குச் சினிமா கொட்டகையும் நடன அரங்கும் நடந்துபோகும் தூரம். லெவிட்டவுன்காரருக்குக் காரை எடுக்க வேண்டும், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளும் தேட வேண்டும். மாலையில் வீட்டிலேயே பொழுதுபோக வழி வேண்டும். டிவி அங்கே ஏற்கெனவே இருந்தது.

டிவியும் இந்தக் குடிப்பெயர்ச்சியைத் தன் கதைக்குள் கொண்டுவந்தது. 1951 அக்டோபரில் தொடங்கிய 'ஐ லவ் லூசி' அந்தக் காலத்தின் மிகப் பெரிய வெற்றித் தொடர். லூசியும் அவள் கணவனும் நியூயார்க்கின் வாடகை அடுக்குமாடியில் குடியிருப்பார்கள். குழந்தை பிறக்கிறது. 1957-ல் கனெக்டிகட் மாநிலத்தின் வெஸ்ட்போர்ட்டில் வீடு வாங்கிக் குடிபோகிறார்கள். பார்த்துக்கொண்டிருந்த லட்சக்கணக்கான குடும்பங்கள் அதே பயணத்தைச் செய்து முடித்தவை, அல்லது செய்யக் காத்திருந்தவை.

1954-ல் ஸ்வான்சன் நிறுவனம் நாடெங்கும் விற்ற 'டிவி டின்னர்' இதன் தொடர்ச்சி. மூன்று குழிகள் கொண்ட அலுமினியத் தட்டில் வான்கோழிக் கறி, பட்டாணி, சர்க்கரைவள்ளி. விலை 98 சென்ட். அடுப்பில் சூடாக்கி அப்படியே மடியில் வைத்துச் சாப்பிடலாம். வாங்கி வைக்கக் குளிர்பதனப் பெட்டி வேண்டும், வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாக வாங்கிவரக் கார் வேண்டும், எதிரே டிவி வேண்டும். மூன்றும் புறநகர் வீட்டில் இருந்தன.

பெண்களின் பகல் பொழுதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். போர்க்காலத்தில் ஆலைகளில் வேலை செய்த பெண்கள் பலர், ஆண்கள் திரும்பியதும் அனுப்பப்பட்டார்கள். கணவன் காரில் வேலைக்குப் போன பிறகு, கடைத்தெருவோ தாய்வீடோ அருகில் இல்லாத ஒரு வீட்டில், சிறு குழந்தைகளோடு தனியாக ஒரு முழுப் பகல். பிளாஸ்டிக் டப்பா விற்ற டப்பர்வேர் நிறுவனம் இதைப் புரிந்துகொண்டது. பிரவுனி வைஸ் என்ற பெண், ஒரு வீட்டில் அக்கம்பக்கத்தாரைக் கூட்டி விளையாட்டும் பேச்சுமாகப் பொருளைக் காட்டி விற்கும் முறையை வளர்த்தார். 1951-ல் நிறுவனம் கடைகளிலிருந்து சரக்கை முழுக்க விலக்கி, இந்த வீட்டுக் கூட்டங்களில் மட்டுமே விற்றது. தோழமையும் கொஞ்சம் சொந்தச் சம்பாத்தியமும் ஒரே இடத்தில் கிடைத்ததால் பெண்கள் திரண்டு வந்தார்கள். அந்தப் பகல்களில் எவ்வளவு தனிமை இருந்திருக்கும் என்பதை இந்த வெற்றியே சொல்கிறது.

சாலை விஷயத்தில் மறுபடியும் அரசின் பணம்தான். 1956 ஜூன் 29 அன்று அதிபர் ஐசன்ஹோவர் கையெழுத்திட்ட சட்டம் 41,000 மைல் நீளத்துக்கு மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகளை அனுமதித்தது. செலவில் 90 சதவீதம் மத்திய அரசினுடையது, எரிபொருள் வரியிலிருந்து. நகரத்துக்கு இன்னும் தொலைவில் உள்ள வயல்களும் மனைகளாகின. அதே ஆண்டு அக்டோபரில் மினசோட்டாவின் எடைனாவில் சவுத்டேல் திறக்கப்பட்டது. முழுக்கக் கூரையிட்டு, ஆண்டு முழுதும் ஒரே தட்பவெப்பத்தில் வைக்கப்பட்ட முதல் ஷாப்பிங் மால். வடிவமைத்த விக்டர் க்ரூயன் வியன்னாவிலிருந்து நாஜிகளுக்குத் தப்பி வந்த யூதக் கட்டடக் கலைஞர். கார்களால் சிதறிக் கிடக்கும் புறநகர் மக்களுக்கு, நடந்து திரிந்து ஒருவரையொருவர் சந்திக்கும் ஐரோப்பிய நகரச் சதுக்கம் ஒன்றைக் கொடுப்பதே அவர் ஆசை. கட்டியவர்கள் கடைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, சுற்றிலும் கார் நிறுத்துமிடத்தை விரித்தார்கள். பின்னாளில் அவரே மால்களைக் கடுமையாகச் சாடினார்.

இந்த வாழ்க்கை எவ்வளவு பெருமைக்குரியதாகப் பார்க்கப்பட்டது என்பதற்கு 1959 ஜூலை 24 நல்ல சாட்சி. மாஸ்கோவில் நடந்த அமெரிக்கக் கண்காட்சிக்கு ஒரு மாதிரிப் புறநகர் வீட்டையே கொண்டுபோய் வைத்திருந்தார்கள். துணை அதிபர் நிக்சனும் சோவியத் தலைவர் குருஷேவும் அதன் சமையலறை முன்னால் நின்று, எந்த அமைப்பு மனிதனுக்கு நல்வாழ்வு தரும் என்று வாதிட்டார்கள். எங்கள் எஃகுத் தொழிலாளியால் இந்த வீட்டை வாங்க முடியும் என்பது நிக்சனின் வாதம். தவணைக் கணக்கில் அது உண்மைதான்.

எல்லா வீடும் ஒரே மாதிரி, அதனால் எல்லா மனிதரும் ஒரே மாதிரி ஆகிவிடுவார்கள் என்று அன்றைய அறிவுஜீவிகள் பலர் எழுதினார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. சமூகவியலாளர் ஹெர்பர்ட் கான்ஸ் 1958-ல் நியூஜெர்சியில் தொடங்கிய மூன்றாவது லெவிட்டவுனில் தானே ஒரு வீடு வாங்கி இரண்டு ஆண்டு குடியிருந்து பார்த்தார். மக்கள் தங்கள் ரசனையோடும் சண்டையோடும் முன்போலவே இருந்தார்கள், பலர் முன்பைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள் என்றே கண்டார். டிராம் பெட்டியில் குழந்தை வளர்த்தவர்களுக்குச் சொந்தமாக ஒரு கதவும் சிறு தோட்டமும் கிடைத்ததைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. லெவிட்டவுனின் மெய்யான குறை வேறிடத்தில் இருந்தது.

யாருக்கு இல்லை

லெவிட்டவுனின் முதல் வாடகை ஒப்பந்தத்திலேயே, வீட்டு வேலையாட்கள் நீங்கலாக, வெள்ளையர் அல்லாத எவரும் அங்கே குடியிருக்கக் கூடாது என்று எழுதியிருந்தது. இது லெவிட்டின் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. கடனுக்கு உத்தரவாதம் தந்த எஃப்.எச்.ஏ.வின் கையேடே இப்படிப்பட்ட இனக் கட்டுப்பாடுகளைப் பரிந்துரைத்தது. கறுப்பர்கள் வாழும் பகுதிகள் அரசின் கடன் வரைபடங்களில் சிவப்பு நிறத்தில் காட்டப்பட்டன. சிவப்பு என்றால் அபாயம், கடன் கிடைப்பது அரிது. ஜெர்மனியில் போரிட்டுத் திரும்பிய கறுப்பின வீரருக்கு ஜி.ஐ. பில் உரிமை தாளில் இருந்தது. அந்த உரிமையைக் கொண்டு வீடு வாங்கத்தான் இடமில்லை.

1948-ல் உச்ச நீதிமன்றம் இத்தகைய ஒப்பந்த வாசகங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு லெவிட் அந்த வரியை நீக்கினார், நடைமுறையை நீக்கவில்லை. கறுப்பினக் குடும்பம் ஒன்றுக்கு விற்றால் வெள்ளைக்காரர்கள் வாங்க மாட்டார்கள், வியாபாரம் கெடும் என்பது அவர் சொன்ன காரணம். அவர் ஒரு யூதர், தன் மக்களும் இதே நாட்டில் இப்படி ஒதுக்கப்பட்டதை அறிந்தவர். பென்சில்வேனியாவின் இரண்டாவது லெவிட்டவுனில் 1957 ஆகஸ்டில் கறுப்பினத்தைச் சேர்ந்த முன்னாள் படைவீரர் வில்லியம் மயர்ஸும் ஆசிரியையான அவர் மனைவி டெய்சியும் ஏற்கெனவே அங்கிருந்த ஒருவரிடம் வீடு வாங்கிக் குடிபோனார்கள். கூட்டம் கூடியது, ஜன்னலில் கல் விழுந்தது. தொந்தரவு வாரக்கணக்கில் நீடித்தது, மாநிலப் போலீஸ் வர வேண்டியிருந்தது. அந்தக் குடும்பம் அசையவில்லை.

இதைப் பழங்கதையாகத் தள்ளிவிட முடியாததற்குக் காரணமும் அந்தக் கடன்தான். மாதாமாதம் கட்டிய தவணை வாடகைபோலக் கரைந்து போகாமல் சொத்தாகச் சேர்ந்தது. வீட்டு விலை ஏற ஏற, அந்தச் சொத்து பிள்ளைகளின் படிப்பாகவும் தொழிலுக்கான முதலாகவும் மாறியது. வீடு விற்பதில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் மத்திய அரசின் சட்டம் 1968-ல்தான் வந்தது. அதற்குள் 7,990 டாலர் வீடுகளின் காலம் முடிந்திருந்தது.

நியூஜெர்சியில் மட்டும் கதை கொஞ்சம் முன்னதாகத் திரும்பியது. மூன்றாவது லெவிட்டவுனில் கறுப்பர்களுக்கு விற்க மறுத்தபோது விஷயம் நீதிமன்றம் போனது. அரசு உதவி பெறும் குடியிருப்புகளில் பாகுபாடு கூடாது என்று அந்த மாநிலத்தில் சட்டம் இருந்தது. இது தனியார் நிறுவனத்தின் வீடு, அரசு உதவி எங்கே வந்தது என்பது லெவிட் தரப்பின் கேள்வி. எஃப்.எச்.ஏ.வின் கடன் உத்தரவாதமே அரசு உதவிதான் என்று 1960-ல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த ஆண்டே கறுப்பினக் குடும்பங்கள் குடியேறத் தொடங்கின. சில ஆண்டுகளில் அந்த ஊர் வில்லிங்போரோ என்ற பழைய பெயருக்குத் திரும்பியது. இன்று அங்கே பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர். லாங் ஐலண்டின் முதல் லெவிட்டவுனில் அவர்கள் இன்றும் மிகச் சிலரே.